கலியா வரைந்த லாந்தர்கள்

கோர் ஹம்ராவில் மீன் சுடுகிற அடுப்புகள் பல இருந்தன. ஆனாலும் படகு கரையேறியதும் ஆட்கள் கலியாவின் அடுப்பைத் தேடித்தான் போவார்கள். அவளிடம் திட்டு வாங்காமல் சாப்பிட்டு எழுந்தவன் எங்கள் ஊரில் கிடையாது. மண்ணில் பாதி புதைத்த களிமண் அடுப்பு அது. விளமீனை முதுகுப் பக்கம் கீறி விரித்து, மிளகாய்ச் சாந்து தடவி, கம்பியில் குத்தி உள்ளே இறக்குவாள். அது வேகிற நேரத்துக்குள் சோள ரொட்டியை அடுப்பின் உள்சுவரில் அறைந்து ஒட்டுவாள். இரண்டு முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்புகள்.

என் என்ஜின் பட்டறை அவள் அடுப்புக்கு எதிரில் இருந்தது. கடலுக்குப் போகிறவர்களின் மோட்டார்களைப் பிரித்துப் பூட்டுவது என் தொழில். மதியமானால் கிரீஸ் கையோடு போய் நிற்பேன்.

"தர்வீஷு, அந்தக் கையால மீனைத் தொட்டே, மீனோட சேத்து உன் விரலையும் சுட்டுத் தட்டுல வெச்சிருவேன். போய்க் கழுவிட்டு வாடா."

"கழுவினாலும் போகாது அக்கா. பொறவியிலேயே ஒட்டிக்கிட்டது."

"அப்ப உன் பொண்டாட்டி உன்னை எப்படித்தான் வீட்டுக்குள்ள விடுறா?"

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் கணவன் அய்யாஷ் சிரிப்பான். சிரிப்பதோடு சரி, பேச மாட்டான். "வீட்டுக்குன்னு அல்லா கொடுத்த பேச்சு மொத்தத்தையும் நானே வாங்கிக்கிட்டேன், இந்த மனுசனுக்கு மிச்சமே வைக்கல" என்பாள் கலியா. அய்யாஷிடம் ஒரு மரப்படகு இருந்தது. கூடப் போகிற ஆள் ஸுபைர். தெற்குத் தெரு ஹயாத்தின் ஒரே மகன், கல்யாணமாகாதவன், வாய் ஓயாதவன். ஒரு ஊமையும் ஒரு வாயாடியும் ஒரே படகில் எப்படிப் போகிறார்கள் என்று கரையில் கேலி செய்வார்கள். கலியாவுக்கு ஒரு மகன், ஷூயி. ஒரு மகளைப் பக்கத்துத் தெருவிலேயே கட்டிக் கொடுத்திருந்தாள்.

யுத்தம் வந்தபோது முதலில் மலைப்படை இறங்கியது. தலைநகரைப் பிடித்த கையோடு கடற்கரைக்கும் வந்து, எங்கள் பள்ளிக்கூடத்தில் குடியேறினார்கள். அவர்களை விரட்ட வளைகுடாவின் பணக்கார நாடு ஒன்று கப்பலும் விமானமும் அனுப்பியது. அந்த நாட்டின் பெயரை எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. 'பெரிய வீடு' என்போம். தெருவில் ஒரு பெரிய வீடு இருந்தால் கல்யாணத்துக்கு அரிசி அங்கிருந்துதான் வரும், அடிதடிக்கு ஆளும் அங்கிருந்துதான் வரும். அப்படித்தான் இதுவும்.

கடலுக்கு யாரும் வரக்கூடாது என்று பெரிய வீட்டுக்காரர்கள் வானத்திலிருந்து தாள் போட்டார்கள். தாளைத் தின்ன முடியாது. பெரிய வீட்டுக் கப்பல்கள் துறைமுகத்தை அடைத்திருந்ததால் மாவும் வரவில்லை, டீசலும் வரவில்லை. எல்லோரும் கரையை ஒட்டியபடியே போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அய்யாஷும் போனான்.

ஒருநாள் சாயங்காலம் ஸுபைர் மட்டும் வந்து சேர்ந்தான். ஐஸ்பெட்டியின் மூடியைப் பிடித்து மிதந்துகொண்டிருந்தவனை வேறொரு படகு தூக்கி வந்திருந்தது. கலியாவின் அடுப்பு முன்னால் மணலில் உட்கார வைத்தோம். நடுங்கிக்கொண்டே சொன்னான்.

"ஹெலிகாப்டர் தாழ வந்துச்சு அக்கா. உள்ள இருந்தவன் மூஞ்சியே தெரிஞ்சுது. அண்ணன் எந்திரிச்சு நின்னு மீனைத் தூக்கிக் காட்டுனாரு. ரெண்டு கையாலயும். பெரிய ஷீலா மீனு. அதைப் பாத்துட்டு ஒரு சுத்து சுத்திப் போச்சு. போயிருச்சுன்னு நெனச்சோம். அண்ணன் மீனைக் கீழ வெச்சிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. அப்பறம் திரும்பி வந்துச்சு."

"ஏதாவது சொன்னாரா?" என்றாள் கலியா.

"இல்லக்கா."

"எப்படிச் சொல்லுவாரு" என்றாள். பிறகு ரொட்டி கருகுகிறதென்று அடுப்புக்குள் கையை விட்டாள். ரொட்டி எடுத்த பிறகும் கையை வெளியே எடுக்கவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள்தான் இழுத்தார்கள்.

மறுநாள் அலை மையித்தைக் கரையில் கொண்டுவந்து போட்டது. அடக்கம் செய்தோம். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் கலியா இருந்த மாதங்களில் கரை ஓசையில்லாமல் கிடந்தது. அவள் திட்டாமல் மீன் தின்பது எங்களுக்குப் பழகவில்லை.

அவள் இத்தா முடிந்து அடுப்புக்குத் திரும்புவதற்குள் ஊர் கைமாறியிருந்தது. மலைப்படை வடக்கே பின்வாங்கிப் போனது. போகிற வழியெல்லாம் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போனார்கள். பெரிய வீட்டுக்காரர்கள் ஊருக்குள் வந்தார்கள். உப்பளத்துக்குப் பக்கத்தில் முகாம் போட்டார்கள். எங்கள் பையன்களையே சம்பளத்துக்குச் சேர்த்துத் துப்பாக்கி கொடுத்து முன்வரிசைக்கு அனுப்பினார்கள். பின்னாலேயே லாரிகள் வந்தன. மாவு, பேரீச்சம்பழம், எண்ணெய், கூடாரம், குடிதண்ணீர்த் தொட்டி. எல்லாவற்றிலும் ஒரே சின்னம்: நீல வட்டத்துக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு லாந்தர் விளக்கு. லாந்தர் மாவு, லாந்தர் எண்ணெய் என்றே எங்கள் வாயில் பழகிவிட்டது.

கலியா அந்த மாவை வாங்கினாள். வாங்காமல் எப்படி? அதைப் பிசைந்துதான் ஊருக்கு ரொட்டி போட்டாள்.

லாந்தர் ஆஸ்பத்திரியும் வந்தது. இரண்டு தகரக் கொட்டகைகள், ஒரு ஜெனரேட்டர், ஒரு சிரியாக்கார டாக்டரம்மா. கலியாவின் மகளுக்கு அங்கேதான் பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது. அந்த டாக்டரம்மா இல்லாவிட்டால் தாயும் பிள்ளையும் போயிருப்பார்கள், அதில் சந்தேகமே இல்லை. கலியா அந்த அம்மாளின் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டாள். வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்று லாந்தர் சின்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணை எடுத்தானுங்க, ஒண்ணைக் கொடுத்தானுங்க" என்றேன் நான், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"வாயை மூடு தர்வீஷு" என்றாள். "என் பேத்தி யாருக்கும் ஈடு இல்ல. அவ அவளா பொறந்திருக்கா."

அடுத்து படகு கொடுத்தார்கள். கடலில் ஆள் பறிகொடுத்த வீடுகளுக்கு ஆளுக்கொரு ஃபைபர் படகு, புது மோட்டாரோடு. கரையில் பந்தல் போட்டுக் கேமராக்காரர்கள் வந்திருந்தார்கள். முகாமிலிருந்து கேப்டன் ஹுமைத் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. தணிந்து பேசுகிறவர், கிழவர்களைக் கண்டால் எழுந்து நிற்பார். ஊர்த்தலைவர் பகீத் அவர் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு ஓடினார்.

கலியாவைக் கேமரா முன்னால் நிறுத்தி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"என் புருசன் பேரு அய்யாஷ். இந்தக் கடல்ல மீன் பிடிச்சிட்டிருந்தவரை ஹெலிகாப்டர் சுட்டுச்சு. இப்ப படகு கொடுத்திருக்கீங்க. படகுக்கு நன்றி."

கேமராக்காரன் ஹுமைத்தைப் பார்த்தான். "அம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க. மொத ரெண்டு வரி வேணாம்" என்றான்.

கலியா மறுபடியும் அதையேதான் சொன்னாள். அதே நான்கு வரி, அதே குரல். மூன்றாம் முறையும் அதேதான். பகீத் பல்லைக் கடித்துக்கொண்டு, "கலியா, ஊர் மானத்தை வாங்காத. கெடைக்கிறதைக் கெடுத்துராத" என்றார். ஹுமைத் கையை உயர்த்திப் போதும் என்றார். படகைக் கொடுத்துவிட்டார்கள்.

சில நாள் கழித்து ஸுபைர் தன் போனில் அந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். பின்னணியில் பாட்டு. அலை, வெள்ளைப் படகுகள், லாந்தர். நடுவில் கலியாவின் முகம்: "படகுக்கு நன்றி." அவ்வளவுதான். கலியா இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் முறை போட வந்தவனிடம், "போதும், மீன் ஆறுது, தின்னு" என்றாள்.

அன்றைக்கே என்னிடம் கறுப்புப் பெயிண்ட் கேட்டு வாங்கிப் போய், புதுப்படகின் பக்கவாட்டில் இருந்த லாந்தரின் மேல் பெரிய எழுத்தில் 'அய்யாஷ்' என்று எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அவளுக்கு எழுதத் தெரிந்த சில சொற்களில் அதுவும் ஒன்று.

ஷூயி அந்தப் படகை எடுத்துப் போனான். மத்தியானமே திரும்பி வந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது.

"உம்மா, ரோந்துப் படகு மறிச்சிருச்சு. துப்பாக்கியை நீட்டிட்டானுங்க. லாந்தர் தெரியாத படகு தீவுக்கு அந்தப் பக்கம் வந்தா மேல இருந்து அடிச்சிருவாங்களாம். 'வாப்பா பேரை அழிச்சிட்டு வா, இல்ல வராத'ன்னு சொல்லிட்டானுங்க."

எங்கள் கரைக்கு எதிரே இருக்கிற அந்தத் தீவுக்கு அந்தப் பக்கம்தான் மீன். இந்தப் பக்கம் சண்டை தொடங்கியதிலிருந்து ஒன்றுமில்லை.

கலியா தலைத்துணியை இழுத்துச் செருகிக்கொண்டு முகாமுக்கு நடந்தாள். வெடி எடுத்து முடித்த பாதை என்று வெள்ளைக் கல் போட்ட வழியாகத்தான் போக வேண்டும். நானும் கூடப் போனேன். வாசலில் வெயிலில் நிற்க வைத்தார்கள். பிறகு ஹுமைத்தே வந்தார், ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னார். அவள் உட்காரவில்லை, தண்ணீரைக் குடித்தாள்.

"லாந்தர் இருந்தா சுட மாட்டீங்களா?"

"சுட மாட்டோம் அம்மா."

"என் மகன் படகுல அதை மறுபடி தெரியிற மாதிரி பண்ணிர்றேன். லாந்தர் இல்லாத மரப்படகெல்லாம் என்ன பண்ணும்?"

"உதவி அமைப்பு கொடுத்த படகுலதான் சின்னம் இருக்கணும். அதுதான் விதி. மத்தவங்க கரையோரமா பிடிக்கட்டும்."

"கரையோரத்துலதான் என் புருசன் செத்தாரு."

ஹுமைத் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "என் அண்ணனும் இந்தக் கரையிலதான் போனான் அம்மா. கண்ணிவெடி. ரெண்டு சின்னப் பிள்ளைங்க அவனுக்கு."

கலியா இதை எதிர்பார்க்கவில்லை. "கபர் எங்க?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல. கொண்டு போயிட்டோம்."

"யாரு போய்ப் பாத்துக்கிறா?"

"எங்கம்மா. வெள்ளிக்கிழமை தவறாம போவாங்க."

"அவங்களுக்கு என் ஸலாம் சொல்லு" என்றாள். "அப்புறம் அந்த விதியை எழுதினது யாரோ, அவரை ஒருநாள் மரப்படகுல எங்களோட வரச் சொல்லு."

திரும்பி வந்தவள் வீட்டுக்குப் போகாமல் நேராகப் படகுக்குப் போய், மண்ணெண்ணெய்த் துணியால் கணவனின் பெயரைத் துடைத்தாள். கறுப்பு போனதும் அடியில் லாந்தர் பளிச்சென்று இருந்தது. துணியைக் கையில் வைத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது ஸுபைர் வந்தான். அவனுக்குப் புதுப்படகு கிடைக்கவில்லை. ஆள் உயிரோடு திரும்பிய வீடு பட்டியலில் வராதாம். பழைய மரப்படகு ஒன்றைப் பழுதுபார்த்து வைத்திருந்தான்.

"அக்கா, எழுதத்தான் வராது, படம் வரையவாவது வருமா? எனக்கும் ஒரு லாந்தர் போட்டுக் கொடேன்" என்றான், பாதி விளையாட்டாக.

கலியா தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தர்வீஷு, மொக்கா டவுன்ல நீலப் பெயிண்டும் மஞ்சளும் கெடைக்குமா?"

கிடைத்தது. நான்தான் வாங்கி வந்தேன். முதல் லாந்தரை ஸுபைரின் படகில் வரைந்தாள். அடுப்பு மூடியை வைத்து வட்டம் போட்டாள். விளக்கின் கைப்பிடி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதைப் பார்த்து அடுத்தவன் கேட்டான், அதற்கடுத்தவன் கேட்டான். வாரம் முடிவதற்குள் கரையில் லாந்தர் இல்லாத படகே இல்லை. மீன் சுடுவதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் வரைவாள். ரொட்டியில் பெயிண்ட் வாசம் வருகிறது என்று ஆட்கள் முனகினார்கள்.

"வந்தா என்ன? வயித்துக்குள்ளயும் ஒரு லாந்தர் எரியட்டும்" என்பாள்.

பகீத் முகாமுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஹுமைத் ஜீப்பில் வந்து இறங்கினார். கரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை படகு படகாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஊரே நின்று பார்த்தது. ஸுபைரின் படகின் பக்கத்தில் நின்று லாந்தரை நகத்தால் சுரண்டினார்.

"இதை யாரு வரைஞ்சது?"

"நான்தான்" என்றாள் கலியா. கையில் ரொட்டி மாவு இருந்தது.

"இது குற்றம் அம்மா. படைச் சின்னத்துக்குச் சமம் இது."

"அப்ப அழிச்சிருங்க. எந்தெந்தப் படகைச் சுடணுமோ அதுலயெல்லாம் அழிச்சிட்டுப் போங்க. துணி நான் தர்றேன், மண்ணெண்ணெயும் இருக்கு."

துணியை நீட்டினாள். ஹுமைத் அதை வாங்கவில்லை. படகுகளையும் அவற்றின் பக்கத்தில் நின்ற ஆட்களையும் பார்த்தார். அந்த முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அன்றும் ஆள் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. பயந்து பயந்து படகுகள் தீவுக்கு அந்தப் பக்கம் போயின. ஹெலிகாப்டர் வந்தது, தாழப் பறந்தது, போய்விட்டது. அந்தப் பருவம் முழுக்க எங்கள் கரையில் ஒரு படகும் அடிபடவில்லை. சூரையும் வஞ்சிரமும் வந்து குவிந்தன. என் பட்டறையில் மோட்டார்கள் வரிசைகட்டி நின்றன. 'கலியா லாந்தர்' என்று பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்து வரைந்து வாங்கிப் போனார்கள். மனிதர்கள் மறுபடியும் கல்யாணப் பேச்சுப் பேசினார்கள். ஹயாத் தன் மகன் ஸுபைருக்குப் பெண் பார்க்கத் தொடங்கினாள். கலியாவைத்தான் கூடக் கூட்டிப் போனாள்.

ஹுமைத்தை எங்கோ மாற்றிவிட்டார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் முகாமைவிட்டு வெளியே வந்ததில்லை.

ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் முகாமில் கூடாரங்கள் இல்லை. பெரிய வீட்டுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் பையன்களுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்வரிசையில் நின்றவர்கள் போனில் செய்தி கேட்டு ஓடி வந்தார்கள். அங்கே பெரியவர்களுக்குள் ஏதோ பேசி முடிந்திருக்கும். எங்களுக்குத் தெரிந்தது, மாவு லாரி நின்றது என்பதுதான். ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா கொஞ்ச நாள் கைவிளக்கு வைத்துப் பார்த்தார். பிறகு அவரும் அழுதுகொண்டே கிளம்பினார்.

மலைப்படை தெற்கே நகர்ந்து வந்து, ஊருக்கு வடக்கே இருந்த முனையில் நின்றது. கடலிலும் அவர்களுடைய வேகப்படகுகள் திரிந்தன.

லாந்தரை அழித்துவிட வேண்டும் என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரிய வீட்டுக் கப்பல் இன்னும் வெளியே நிற்கிறது, அழித்தால் அவன் சுடுவான் என்று வேறு சிலர் சொன்னார்கள். கலியாவிடம் வந்து கேட்டார்கள். "எனக்குத் தெரியலப்பா. சத்தியமா எனக்குத் தெரியல" என்றாள்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்த நாட்களில்தான் தீவுக்குப் பக்கத்தில் இரண்டு படகுகளை மலைப்படை மறித்துப் பிடித்தது. ஒன்று ஷூயியின் படகு, இன்னொன்று ஸுபைரின் படகு. மற்றவர்கள் தப்பி வந்து சொன்னார்கள். லாந்தரைத் துப்பாக்கிக் கட்டையால் தட்டித் தட்டிக் காட்டி, "எந்த வீட்டு ஒற்றன்டா நீ?" என்று கேட்டார்களாம். ஸுபைர், "இது எங்கக்கா வரைஞ்சது, சும்மா பெயிண்ட்டு" என்று சொன்னானாம். வாயிலேயே அடித்து இழுத்துப் போனார்களாம்.

அன்று கரையில் எல்லோரும் லாந்தரைச் சுரண்டினார்கள். கத்தி, செங்கல், கிளிஞ்சல், கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துச் சுரண்டினார்கள். கரை முழுக்க அந்தச் சத்தம்தான். கலியாவும் ஒரு செங்கல்லோடு வந்தாள். அவள் எந்தப் படகில் கை வைக்கப் போனாலும் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "விடு கலியா, நாங்களே பாத்துக்கிறோம்" என்றார்கள். யாரும் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

திட்டியவள் ஹயாத் மட்டும்தான். தலைத்துணி நழுவியதுகூடத் தெரியாமல் மணலில் நடந்து வந்தாள். "போதும் கலியா. நீ போட்ட வெளிச்சம் போதும். என் பிள்ளை கடல்ல தப்பிச்சு வந்தான். அவனை உன் வெளிச்சம்தான் காட்டிக் கொடுத்துச்சு."

கலியா கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தாள்.

பிள்ளைகளைத் தேடிக் கலியா வடக்கே மலைப்படையின் சிறைக்குப் போனாள். மகளின் மாமனாரை ஆண்துணையாகக் கூட்டிக்கொண்டாள். முன்பு கரையோரச் சாலையில் அரை நாளில் போய்விடலாம். இப்போது அந்தச் சாலையில் சண்டை. கிழக்கே மலையேறி, தாயிஸ் நகரத்தைச் சுற்றி, மறுபடியும் இறங்கிப் போக வேண்டும். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒவ்வொரு கொடி. மூன்று தடவை போனாள். முதல் தடவை பெயரே இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை இருக்கிறார்கள், பார்க்க முடியாது என்றார்கள். மூன்றாம் தடவை ஒரு காவலாளி இரக்கப்பட்டு அவள் கொண்டுபோன ரொட்டியை உள்ளே அனுப்பினான். ஒவ்வொரு முறையும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கேட்டாள். திரும்பி வந்து தெரிந்ததை ஹயாத் வீட்டு வாசலில் நின்று சொல்லுவாள். கதவு திறக்காது. மூடிய கதவைப் பார்த்தே சொல்லிவிட்டு வருவாள்.

கைதிகளை மாற்றிக்கொண்டபோது ஷூயி வந்தான். பாதியாக இளைத்திருந்தான், முன்பல் இரண்டு இல்லை. ஸுபைர் வரவில்லை. இருமலோடு காய்ச்சல் வந்து அவனை வேறெங்கோ தூக்கிப் போனார்கள் என்று மட்டும் ஷூயிக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல அவனே ஹயாத்திடம் போனான். அவனுக்குக் கதவு திறந்தது. உட்கார வைத்து ஆட்டுப்பால் கொடுத்தாளாம். "எங்க உம்மா மேல கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டானாம். "உங்க உம்மாவுக்கு மகன் வந்துட்டான்ல" என்றாளாம்.

ஷூயி கடலுக்குப் போக மறுத்துவிட்டான். என் பட்டறைக்கு வந்தான். கை நன்றாக வேலை செய்யும், ஆனால் மோட்டார் திடீரென்று உறுமினால் எழுந்து வெளியே போய்விடுவான். கலியா அடுப்பைத் தொடர்ந்து எரித்தாள். பழைய கூட்டம் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் யாரையும் அவள் திட்டுவதில்லை. கிரீஸ் கையோடு போனால் பேசாமல் துணியை எடுத்து நீட்டினாள். நான் அதைத் துடைக்காமலே நின்று பார்த்தேன், அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

ஹயாத் அந்தப் பக்கமே வரமாட்டாள். மீன் வாங்கக்கூடச் சுற்றிப் போவாள். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது.

பிறகு ஒரு மதியம், அடுப்பைச் சுற்றி ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஹயாத் நேராக வந்து நின்றாள். யாருக்கும் கை வாய்க்குப் போகவில்லை.

"வடக்கேருந்து போன் வந்துச்சு" என்றாள். குரல் காய்ந்திருந்தது. "ஆஸ்பத்திரிப் பிணவறையில ஒரு பையன் இருக்கானாம். ஊர் கோர் ஹம்ரான்னு எழுதியிருக்காம். வந்து எடுத்துக்கலன்னா அங்கேயே பொதைச்சிருவாங்களாம்."

கலியா கம்பியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"அந்தப் பாதை உனக்குத்தான் தெரியும்" என்றாள் ஹயாத்.

கலியா கம்பியை வைத்தாள். அடுப்பின் வாயைத் தகரத்தால் மூடினாள். தட்டில் பாதி மீனோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "எந்திரிங்க, அடுப்பு முடிஞ்சுது" என்றாள். என் பக்கம் திரும்பி, "தர்வீஷு, வண்டியில டீசல் இருக்கா?" என்று கேட்டாள்.

நான்தான் ஓட்டினேன். பின்னிருக்கையில் இருவரும். மலை ஏறிய பிறகு ஹயாத்துக்குத் தலைசுற்றி வாந்தி வந்தது. வண்டியை நிறுத்தினேன். கலியா அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வாய் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். மறுபடி ஏறியபோது ஹயாத் சன்னல் பக்கம் உட்கார்ந்தாள், தலை கலியாவின் தோளில் இருந்தது. தூங்கினாளா என்று தெரியவில்லை.

ஒரு சாவடியில் துப்பாக்கியோடு நின்றவன் குனிந்து உள்ளே பார்த்தான். "எங்க போறீங்க?"

"மகனைக் கூட்டிட்டு வர" என்றாள் ஹயாத்.

"யாரு மகன்?"

ஹயாத் பதில் சொல்வதற்குள் அழுகை முட்டிவிட்டது. கலியாதான் சொன்னாள். "எங்க பிள்ளை. வழி விடுப்பா."

விட்டான்.

ஸுபைர்தான் அது. முகம் அவனுடையதாகவே இல்லை, ஆனால் ஹயாத்துக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. காதைத் தொட்டுப் பார்த்தாள், தலைமுடியைக் கோதினாள். துணியை மூடும்போது கைநாட்டு வைக்கச் சொல்லி ஒருவர் வந்தார். ஹயாத்தின் விரல் மையில் படவில்லை. கலியா அவள் விரலைப் பிடித்து மையில் வைத்துத் தாளில் அழுத்தினாள்.

திரும்பும் வழியில் ஐஸ் வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தோம். ஊர் எல்லையிலேயே ஆட்கள் காத்திருந்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள் அன்று யாரும் போகவில்லை. ஜனாஸாத் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் நாங்கள் தூக்கிப் போனோம். இரண்டு பெண்களும் கபர்ஸ்தான் சுவருக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். மண் போட்டுவிட்டு வெளியே வந்தபோது ஹயாத் என்னவோ பேசிக்கொண்டிருந்தாள், கலியா கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பேச்சு வந்தது, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் கரையில் எந்தப் படகிலும் சின்னம் கிடையாது. வெறும் சாம்பல் நிறம் பூசியிருக்கிறோம். சில சமயம் ஒருவன் சுடுகிறான், சில சமயம் இன்னொருவன் மறிக்கிறான், மீனும் கொஞ்சம் வருகிறது. போன மாதம் வேறொரு பணக்கார நாட்டிலிருந்து மாவு வந்தது. மூட்டையில் வேறு சின்னம். கலியா அதைப் பிசைந்து ரொட்டி போட்டாள். ஹயாத் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் கலியா.

"உப்பு பத்தல."

"மாவுல கொறையா, என் கையில கொறையா?"

"ரெண்டுலயும்தான்" என்றாள் ஹயாத்.

கலியா உப்புச் சட்டியை இழுத்து ஒரு கை அள்ளி மாவில் போட்டுப் பிசைந்தாள்.